நல்லதை நெனச்சுக்குங்க

யார் குடிப்பவர், யார் குடிக்காதவர் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மயக்க மருந்தைப் பாதி ஏற்றும்போதே தெரிந்துவிடும். எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஏற்றுவேன், கண் செருக வேண்டிய ஆள் என்னைப் பார்த்து, "இன்னும் ஊசி போடலீங்களா மேடம்?" என்பார். கோயில் தர்மகர்த்தாவாக இருப்பார், ஏகாதசி தவறாதவராக இருப்பார். அவர் மனைவி வெளியே, காப்பிகூடத் தொடமாட்டார் என்று சத்தியம் பண்ணியிருப்பாள். நான் வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். திருச்செங்கோட்டுக்கு வந்து இருபது வருஷமாகிறது. இந்த ஊரின் ரகசியத்தில் பாதி என் ஊசியில்தான் இருக்கிறது.

காரணம் சாதாரணமானது. மூளையை அடக்கி உட்கார வைக்கும் கதவு ஒன்று இருக்கிறது. சாராயம் தட்டுவதும் அந்தக் கதவைத்தான், மயக்க மருந்து தட்டுவதும் அதைத்தான். தினமும் தட்டு வாங்கிப் பழகிய கதவு, நான் மெதுவாகத் தட்டினால் திறக்காது.

பூபதி விஷயத்தில் ரகசியமே கிடையாது. அவர் குடிப்பது ஊருக்கே தெரியும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். இப்போதெல்லாம் ரிக் வண்டியில் பாதி வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது, ஆனால் இரண்டாயிரம் அடிக்குக் கீழே பாறை எப்போது விடும் என்று சொல்ல இன்னும் பூபதி மாதிரி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. வருஷத்தில் எட்டு மாதம் ஒரிசா, சத்தீஸ்கர் என்று வெளியே போய்விடுவார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்ததும் கைபேசியை எடுத்து மனைவி கோகிலவாணியைக் கூப்பிடுவார். பேசமாட்டார். போனைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டுவார். அந்த 'சோ'வென்ற சத்தத்தை அவள் இங்கே அடுப்படியில் நின்றுகொண்டு கேட்பாள். பிறகு, "அம்முணி, வந்துருச்சு" என்பார். அதற்கப்புறம் பாட்டிலைத் திறப்பார். தண்ணீர் வராத இடத்தில் வருத்தத்துக்காகத் திறப்பார். வந்தாலும் வராவிட்டாலும் திறப்பவரை என்ன செய்ய முடியும்?

ஈரல் வீங்கி, கை நடுங்கி, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் நசுக்கிக்கொண்டிருந்த நிலையில்தான் கோகிலா அவரை எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள். அப்போது எங்களிடம் அந்தப் புதுச் சிகிச்சை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தலைமை மனநல மருத்துவர் ஞானவேல் அதற்கு 'ஆசை நீக்கம்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் 'கரண்ட் வைத்தியம்' என்றார்கள்.

கோகிலாவை உட்காரவைத்து அவர் விளக்கியபோது நானும் அறையில் இருந்தேன். ஒல்லியான பெண், முப்பதுக்குள்தான் இருக்கும். தையல் கடை வைத்திருந்தாள். புடவைத் தலைப்பில் ஒரு குண்டூசி குத்தியிருந்ததைக்கூட மறந்து வந்திருந்தாள்.

"மின் அதிர்ச்சின்னா பழைய சினிமாவில காட்டறமாதிரி இல்லம்மா," என்றார் ஞானவேல். "தூங்க வச்சுட்டுத்தான் குடுப்போம். உடம்பு துள்ளாது. மூளைக்குள்ள மட்டும் ஒரு சின்ன வலிப்பு வந்து போகும். மன அழுத்தத்துக்கு எத்தனையோ வருஷமா இதைக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். இதுல ஒரு விஷயத்தைச் சேத்திருக்கோம், அவ்வளவுதான். நினைப்புங்கறது கல்வெட்டு இல்ல. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் பச்சை மண் மாதிரி இளகி, திரும்ப இறுகும். இளகியிருக்கிற நேரம் பாத்து அதிர்ச்சி குடுத்தா, அதுல ஒட்டியிருக்கிற ஆசை உதிர்ந்துரும்."

"எந்த நெனப்புங்க?"

"அந்த நேரத்துல எது வெளியில இருக்கோ அது. அதனாலதான் மயங்கறதுக்கு முன்னாடி மூக்குக்கிட்ட பிராந்திப் பஞ்சைக் காட்டுவோம். குடியை நினைச்சுக்கிட்டே தூங்கணும். எழுந்திருக்கும்போது குடிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கும், குடிக்கணும்னு தோணாது."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டுதான் ஆட்டினாள். மறுபடியும் சொல்லச் சொன்னால் வார்த்தை பிசகாமல் சொல்லியிருப்பாள். ஆனால் புத்திக்குப் புரிவது வேறு, வாய் பழக்கம் வேறு.

இந்த ஊரில் பல் பிடுங்கப் போனாலும் நெற்றியில் திருநீறு பூசாமல் விடமாட்டார்கள். எங்கள் அறுவை அரங்கின் வாசலுக்கு மேலே ஒரு பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறது. தள்ளுகட்டில் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். சொந்தக்காரர் குனிந்து, நெற்றியில் பூசி, காதோடு ஒரு வார்த்தை சொல்வார். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: நல்லதை நெனச்சுக்குங்க. நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லாமல் அனுப்பிய ஆளே இல்லை. கோகிலாவும் சொன்னாள். அதோடு நிற்கவில்லை.

"பயப்படாதீங்க மாமா. நல்லதை நெனச்சுக்குங்க. என்னைய நெனச்சுக்குங்க."

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்தது. பிராந்திப் பஞ்சைக் காட்டினோம். பூபதியின் தொண்டை ஏறி இறங்கியது, வாயில் எச்சில் ஊறியது. நான் ஊசியை ஏற்றினேன். அவர் விழித்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் எனக்கும் ஞானவேலுக்கும் தகராறு. நடுக்கத்தை நிறுத்தக் கொடுத்திருந்த மாத்திரைகளும் அதே கதவைத்தான் தட்டும் என்பதால், குடியை நிறுத்தியும் அவர் கதவு மரத்துத்தான் கிடந்தது. எனக்கு அதிக மருந்து வேண்டும். ஞானவேலுக்கோ குறைவாக வேண்டும். மயக்க மருந்து கூடினால் மூளையில் வலிப்பு பிடிக்காது, கரண்ட் வீண். நடுவில் பூபதி கிடந்தார். பஞ்சை எடுத்தாயிற்று. வாடை போயிற்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக இறங்கினார். கடைசியில் கண்ணை மூடும்போது வாய் குழறி, "அம்முணி... வந்துருச்சு" என்றார். ஞானவேல் பொத்தானை அழுத்தினார். ரத்த அழுத்தப் பட்டை கட்டியிருந்த காலில் பெருவிரல் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அந்தக் கால் ஒன்றுக்குத்தான் தசைத் தளர்வு மருந்து போகாமல் தடுத்திருப்போம், வலிப்பு வந்ததா என்று பார்க்க.

இரண்டாம் முறையும் அதேதான். வாசலில் திருநீறு, உள்ளே அம்முணி. இந்த ஆள் கடைசியில் நினைப்பது பிராந்தியை அல்ல, பெண்டாட்டியை என்று ஞானவேலிடம் சொன்னேன். அவர் சிரித்தார். குடிகாரன் கடைசியில் யாரை நினைத்தால் என்ன, ரத்தப் பரிசோதனையைப் பார், நடையைப் பார் என்றார். மருந்தைக் கூட்ட விடவில்லை. மனைவி மேல் பாசம் குறைந்ததாக எந்த ஆராய்ச்சியிலும் இல்லையே என்றும் கேட்டார். எந்த ஆராய்ச்சியிலும் அதை யாரும் அளக்கவில்லை என்பது எனக்கு அப்போதே எரிச்சலாகத்தான் இருந்தது.

பூபதி குணமாகிப் போனார். போகும்போது எனக்கு வணக்கம் சொன்னார். முகம் தெளிந்து, சவரம் செய்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். ஞானவேல் அவரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து கோகிலா வந்தாள். ஞானவேலைப் பார்க்க வரவில்லை. என் அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, எழுந்து, சன்னலுக்குப் போய், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவர் குடிப்பதில்லை என்றாள். கடை இருக்கும் தெரு வழியாகவே நடந்து வருகிறார், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சம்பளத்தை அப்படியே கொடுக்கிறார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் உனக்கென்ன மகராசி என்கிறார்கள்.

"அப்புறம் என்னம்மா?"

"வீட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி இருக்கறாருங்க மேடம்."

விருந்தாளி மாதிரி என்பதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாண நாள் நினைவிருக்கிறது அவருக்கு. அவளே மறந்துவிட்ட விஷயங்கள்கூட நினைவிருக்கிறது. முதல் தீபாவளிக்கு அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொல்கிறார். ஆனால் யாரோ இன்னொருவர் கல்யாணத்துக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொல்கிறார். காய்ச்சலில் படுத்தாள், மருந்து வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அம்முணி என்று கூப்பிடுவதில்லை. இரண்டு முறை வடக்கே போய்வந்தார். தண்ணீர் வந்ததா என்று கேட்டாள். மூன்று இடத்தில் வந்தது, நல்ல தண்ணீர் என்றார். போன் பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்து, நேர்மையாக, "தோணல" என்றாராம்.

"குடிச்சப்ப அடிச்சிருக்காருங்க. நகையெல்லாம் போயிருக்குதுங்க. ஆனா நான் ராத்திரில வாசல்ல நின்னா, தெரு முக்குலயே எம்பேரைச் சொல்லிக்கிட்டு வருவாரு. இப்ப எல்லாம் நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் வீட்டுல உக்காரவே முடியல."

நான் அவளிடம் மறைக்கவில்லை. கடைசியாக அவர் எந்த நினைப்போடு தூங்கினார் என்று சொன்னேன். சொல்லும்போதே அவள் முகம் மாறியது. வாசலில் தான் சொன்னது அவளுக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதற்கு முன்பு எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி திறந்துகொண்டிருந்தேன்.

திரும்ப வருமா என்று கேட்டாள். பழையது வராது, புதிதாக வேண்டுமானால் முளைக்கலாம் என்றேன். குடியும் அப்படித்தான், மறுபடி தொட்டால் மறுபடி பிடிக்கும். அவரிடம் நடந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. சொன்னா கடமைக்குப் பாசமா இருப்பாரு. இப்பவே எல்லாம் கடமைக்குத்தான் நடக்குது."

அந்தப் பேச்சோடு அவள் போய்விட்டாள். ஞானவேலிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. மருந்தளவை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டார், அரங்கு வாசலில் சொந்தக்காரர்கள் பேசக்கூடாது என்று ஒரு பலகையும் மாட்டினார். அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று எல்லோரும் திருநீறு பூசி, நல்லதை நெனச்சுக்குங்க என்றுதான் சொல்கிறார்கள். பலகையை வைத்துப் பழக்கத்தை நிறுத்த முடியுமென்றால் இந்த நாட்டில் எச்சில்கூட யாரும் துப்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்து அவளைப் பார்த்தது மணிக்கட்டு முறிந்து வந்தபோது. மழைக்காலம், ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது என்றாள். எலும்பை இழுத்துச் சேர்க்க வேண்டும், சின்ன மயக்கம் போதும். எடை பார்த்தேன், நாற்பத்தைந்து கிலோ. அதற்குத் தகுந்த அளவை ஏற்றினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் ஏற்றினேன். கண் இமைக்கிறது, மூடவில்லை. என் கை நின்றுவிட்டது.

எலும்பு மருத்துவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

அரைமயக்கத்தில் பொய் வராது. அவள் முதலில் புதுப்புடவை கட்டிப் பார்த்தாளாம். பணியாரம் சுட்டுப் பார்த்தாளாம். கொல்லிமலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி, போய்வந்தார்களாம்; அவர் எல்லா அருவியையும் நின்று பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். கடைசியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. குடியும் தானும் அவர் மனசில் ஒரே முடிச்சு. ஒன்று வந்தால் இன்னொன்றும் கூட வராதா?

"நானே போயி பிராந்தி வாங்கிட்டு வந்தனுங்க மேடம். நானே ஊத்திக் குடுத்தேன். குடிக்காதீங்கன்னு கால்ல உழுந்தவ, குடிங்கன்னு நீட்டிக்கிட்டு நிக்கறேன். மோந்து பாத்துட்டு, நாத்தமடிக்குதுன்னு கீழ வச்சிட்டாரு. வச்சிட்டுப் போயித் தூங்கிட்டாரு."

டம்ளர் அவள் கையில் இருந்தது. அந்த வாடை பழைய பூபதியின் சட்டை வாடை. தெரு முனையில் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவனின் வாடை. கொட்ட மனசு வரவில்லை, குடித்துவிட்டாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று நன்னாரி சர்பத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து அதில் கலந்து குடிக்கப் பழகினாள். பகலில் தையல் கடையிலும் ஒரு பாட்டில் சர்பத் இருக்கும். ஊசி கோக்க முடியாமல் கை நடுங்கியபோது, அதை நிறுத்துவதற்கும் அதையே குடித்தாள்.

நான் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மயக்கத்தில் இருக்கிறவளைத் திட்டுகிறோமே என்ற வெட்கம்கூட எனக்கில்லை. பிறகு மீதி மருந்தை ஏற்றி, எலும்பை இழுத்துச் சேர்க்கச் சொன்னேன்.

வெளியே வந்தபோது பூபதியைப் பார்த்தேன். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலிகள் உண்டு. உள்ளே கிடப்பவர்மேல் எவ்வளவு பிரியம் என்பதை, வெளியே இருப்பவர் உட்கார்ந்திருக்கிறாரா நடக்கிறாரா என்பதை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம். பூபதி நடந்துகொண்டிருந்தார். சுவர்வரை போய், திரும்பி, கதவுவரை வந்து, மறுபடி சுவர்வரை. கையில் அவள் செருப்பு இருந்தது. ஒற்றைச் செருப்பு.

என்னைக் கண்டதும் ஓடிவந்தார். மணிக்கட்டு சரியாகிவிடும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"மேடம், அவ குடிக்கறா."

எனக்குத் தெரியும் என்றேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். முதலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பாட்டில் கிடைத்ததாம். தன்னுடைய பழைய பாட்டிலாக இருக்கும் என்று வீசினாராம். பிறகு அரிசி டிரம்மில் ஒன்று. அதற்கப்புறம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் அதே யோசனை: இந்நேரம் குடிப்பாளா, அடுப்பு எரிகிறதா, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவாளா. ஒரிசாவிலிருந்து காலையில் ஒரு போன், பகலில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். நாக்குக் குழறுகிறதா என்று கேட்பதற்காகவே பேசினாராம்.

"போன வாரம் ஒரு எடத்துல தண்ணி வந்துச்சுங்க. மணிக்குப் பதினெட்டாயிரம் லிட்டர், கரை கட்டி நிக்குது. எல்லாரும் கத்தறானுங்க. எனக்கு என்ன தோணுச்சோ, போனைப் போட்டு கொழாய்க்கிட்ட நீட்டிட்டேன். அந்தப் பக்கம் அவ அழுகறா. குடிச்சிட்டு அழுகறா. வண்டியை அப்பிடியே உட்டுட்டு ரயிலேறிட்டனுங்க. எனக்குத் தூக்கமே வரமாட்டீங்குது மேடம். நான் நல்லா இருந்தேன். நல்லாத்தான் தூங்கிட்டிருந்தேன். இப்ப என்னான்னே தெரியல, இங்க அடைச்ச மாதிரியே இருக்குது."

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அங்கே நோய் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழையது உதிர்ந்த இடத்தில் பயமாக, கோபமாக, தூக்கம் கெடுப்பதாக ஏதோ ஒன்று புதிதாக முளைத்திருந்தது. புடவையும் பணியாரமும் கொல்லிமலையும் செய்யாததை அரிசி டிரம்மில் கிடந்த பாட்டில் செய்துவிட்டது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று இருந்தது.

"எனக்குப் பண்ணுன அதே வைத்தியத்தை அவளுக்கும் பண்ணிருங்க," என்றார்.

ஞானவேல் உடனே சரி என்றார். எப்போதும்போல பிராந்திப் பஞ்சு, எப்போதும்போல பொத்தான். நான் முடியாது என்றேன். பிராந்தி வாடை என்றால் இவளுக்குப் பூபதியின் சட்டை. அதைக் காட்டிக் கரண்ட் வைத்தால் குடியும் போகும், அவரும் போவார். அங்கே இப்போதுதான் முளைத்திருக்கிறது, இங்கே இருப்பதைப் பிடுங்கி எறிவதா? ஞானவேல் எரிச்சலோடு, வேறு எதைக் காட்டச் சொல்கிறாய் என்றார். நன்னாரி சர்பத்தைக் காட்டலாம் என்றேன். வெறும் பிராந்தி அவருடையது. எலுமிச்சம்பழம் பிழிந்த நன்னாரியில் கலந்து, தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்துக் குடித்தது முழுக்க முழுக்க அவளுடையது. அவர் நன்னாரியைத் தொட்டதே இல்லை. ஞானவேல் மோவாயைத் தடவிவிட்டு, சரி என்றார். மருந்தளவு விஷயத்துக்குப் பிறகு அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பிசகினாலும் அவருக்கு நேர்ந்தது உனக்கும் நேரும் என்றேன். வேண்டாம் என்றால் மாத்திரையோடு, கஷ்டப்பட்டு, மெதுவாக முயலலாம் என்றும் சொன்னேன். அவள் ஈரலைப் பற்றிக் கேட்டாள். அது காத்திருக்காது என்றேன்.

"அவர் போன் பண்ணுனாருங்களே மேடம், தண்ணிச் சத்தம்," என்றாள். "நான் குடிச்சிருந்தேன். சரியா கேக்கல. தெளிஞ்சு இருந்து ஒருக்கா கேக்கோணும்."

குறித்த நாளில் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தோம். பிள்ளையார் படத்துக்குக் கீழே கட்டில் நின்றது. பேசக்கூடாது என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது. நான் முன்னால் கதவைத் திறக்கப் போயிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பூபதி திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசி, குனிந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பயப்படாத அம்முணி. நல்லதை நெனச்சுக்க. என்னைய நெனச்சுக்க."

நான் கதவை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு ஓடினேன். கோகிலா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். முகமெல்லாம் மலர்ந்து, உடனே இறுகியது.

"மாட்டேன் மாமா," என்றாள். "உங்கள நெனைக்கவே மாட்டேன். நான் சர்பத்தைத்தான் நெனப்பேன்."

பூபதி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பெரிய மனிதன், முகம் சிறுபிள்ளைபோலச் சுருங்கிவிட்டது. அப்புறம் சொல்கிறேன், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, கட்டிலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

சர்பத் பஞ்சை மூக்கருகே பிடித்தோம். அவள் ஆழமாக இழுத்தாள். இந்த முறை பஞ்சை எடுக்க நான் விடவில்லை, கடைசிவரை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றொரு கையால் மருந்தை ஏற்றினேன். ஞானவேல் போதும் போதும் என்று கண்ணால் சொன்னார்.

"நன்னாரி," என்றாள் கோகிலா. கோயிலில் சாமி பெயர் சொல்வதுபோல விடாமல் சொன்னாள். "நன்னாரி. எலுமிச்சம்பழம். சக்கரை. நன்னாரி. நன்னாரி." குரல் இறங்கியது. கண் பாதி மூடியது, முழுக்க மூடவில்லை. மரத்த கதவு. நான் நொடிகளைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்னாரி என்ற சொல் தேய்ந்து நின்றது. உதடுகள் இரண்டும் மெதுவாக ஒன்றையொன்று தேடி ஒட்டின. 'மா' என்று தொடங்கும் அடுத்த சொல்லுக்கு வாய் கூடியது. அவள் அதைப் பல்லால் கடித்துப் பிடித்தாள். கீழுதட்டில் ரத்தம் துளிர்த்தது.

மீதி மருந்தை ஒரே அழுத்தில் ஏற்றினேன்.

"ஹேமா, இவ்வளவு குடுத்தா கரண்ட் பிடிக்காது," என்றார் ஞானவேல்.

பிடிக்காவிட்டால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார். நாங்கள் இருவரும் அவள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை. அப்புறம் லேசாக, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்புவது போல, ஒருமுறை வெட்டியது. பிறகு விடாமல் வெட்டியது.

எழுந்ததும் அவள் எதை இழந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இனி அவள் கண் விழிக்கும்வரை யாருக்கும் தெரியாது. கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. பூபதி நடந்துகொண்டிருந்தார்.